குரங்கின் மேல் போட்ட பழி

பாப்பாவுக்கு,

பதுளை ஆபீஸில் உன்னை இப்போது எல்லோரும் மேடம் என்கிறார்களாம். என்னோடு இத்தனை வருடமாக டெலிபோன் கம்பம் ஏறிய சுமணே, என் முழங்கால் எப்படி இருக்கிறது என்று பார்க்கப் போன வாரம் வந்தபோது சொன்னான். "அண்ணே, ஒங்க பாப்பா என்னையே ஹெல்மெட் எங்கன்னு கேக்குது. நான் தூக்கி வெளயாடின புள்ள!" என்று புகார் மாதிரிதான் ஆரம்பித்தான். முடிக்கும்போது அவன் கண் கலங்கிவிட்டது. சிங்களத்தில் ஏதோ சொல்லித் துடைத்துக்கொண்டான். எனக்கு மட்டும் சந்தோஷம் இல்லாமலா இருக்கும்? மூன்று மாதமாக வேலைக்குப் போகாமல் வீட்டில் இருக்கிறேன். காலையில் வெயில் காய்கிறேன். அம்மா திட்டத் திட்ட இரண்டாவது தேத்தண்ணி குடிக்கிறேன். ஒரு குறையும் இல்லை. ஆனால் புதன்கிழமை சாயங்காலம் நீ போனில் பேசியதிலிருந்து ஒரு பழைய விஷயம் மனதைப் போட்டு அரிக்கிறது. அதனால்தான் இந்தக் கடிதம். நாளைக் காலை பஸ்ஸில் கண்டக்டர் தம்பியிடம் கொடுத்து அனுப்புகிறேன். திங்கட்கிழமைக்கு முன் நீ இதைப் படித்தாக வேண்டும்.

நீ சொன்னதை நான் சரியாகத்தான் புரிந்துகொண்டேன் என்று நினைக்கிறேன். பழுதுப் பதிவேட்டைப் புரட்டியிருக்கிறாய். நம் தோட்டத்தில் ரோடு திரும்பும் கோயில் வளைவுக்கு மேலே போகும் கேபிளுக்கு நேரே, காரணம் என்ற கட்டத்தில் நான்கு தடவை குரங்கு என்று எழுதியிருக்கிறது. ஆகவே அந்த இரண்டு கம்பத்துக்கு நடுவில் மட்டும் பழைய கேபிளை இறக்கிவிட்டு, குரங்கு கடித்தாலும் பல் இறங்காத கெட்டித் தோல் கேபிளை இழுக்கத் திட்டம் எழுதியிருக்கிறாய். நீ தனியாக எழுதிய முதல் திட்டம். திங்கட்கிழமை மேலிடத்துக்குப் போகிறது. "அப்பா, அந்த வளைவுல கொரங்குத் தொல்லை அவ்வளவு மோசமாப்பா? நான் அங்கதானே வளந்தேன், பாத்த ஞாபகமே இல்லையே" என்று கேட்டாய். நான் என்ன சொன்னேன்? "அம்மா கேக்குறா, சாப்டியான்னு" என்றேன். நீ சிரித்தாய். "அம்மாவா கேக்குறாங்க, நீங்களா?" என்றாய். சங்கடமான பேச்சு வந்தால் உன் அம்மாவை முன்னால் தள்ளிவிட்டுப் பின்னால் ஒளிந்துகொள்வது என் வழக்கம் என்று உனக்குத் தெரியாதா என்ன. அவள் அப்போது வீட்டிலேயே இல்லை. ஆட்டுக்குக் குழை ஒடிக்கப் போயிருந்தாள்.

அந்தப் பதிவேட்டில் முதல் குரங்கை எழுதியது நான். அது பொய். அதை நேரே சொல்லிவிட்டேன். இனி மெதுவாக முழுக்கதையையும் சொல்கிறேன், ஏனென்றால் எனக்கு எதையும் ஆரம்பத்திலிருந்து சொன்னால்தான் வரும். நீ ஐந்தாம் வகுப்பு படிக்கும்போது நான் வேலையில் மிஞ்சிய நாலைந்து முழக் கேபிளை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். நம் மலைக்கு அந்தக் கண்ணாடிக் கேபிள் வந்த புதிது. அதுவரை நாங்கள் இழுத்ததெல்லாம் செம்புக் கம்பி. அதில் கேபிளைத் தாங்குவதற்கென்று கூடவே ஓர் இரும்புக் கம்பி ஓடும். இது அப்படி இல்லை, தன் பாரத்தைத் தானே தாங்கும், உள்ளே பொட்டு இரும்பு கிடையாது என்று நான் பெருமை அடித்தேன். நீ நம்பவில்லை. நான் குளிக்கப் போன நேரம் பார்த்து அதை வெட்டிப் பிரித்துவிட்டாய். கறுப்புத் தோல், அதற்குள் மஞ்சள் நூல், அதற்குள் கலர் கலராகக் குழாய்கள், அதற்குள் பிசுபிசுவென்று ஒரு களிம்பு, களிம்புக்குள் தலைமுடி மாதிரிக் கண்ணாடி இழை, எல்லாவற்றுக்கும் நடுவில் ஒரு வெள்ளைக் குச்சி. நான் திரும்பி வந்தபோது கையெல்லாம் களிம்போடு நீ கேட்ட கேள்வி எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது: "இதுல எதுப்பா பாரம் தாங்குது?" எத்தனையோ பேருக்கு அந்தக் கேபிளைக் காட்டியிருக்கிறேன். யாரும் அதைக் கேட்டதில்லை.

மஞ்சள் நூல்தான் என்றேன். அதற்குள் நீ அந்த நூலை வெட்டப்போய் அம்மாவின் தையல் கத்தரிக்கோலை மொட்டையாக்கி வைத்திருந்தாய். அவள் உன்னை ஒரு பாட்டும் என்னை இரண்டு பாட்டும் திட்டினாள். பிறகு, கத்தரிக்கோலே தோற்ற நூல் என்று அவளுக்கே ஒரு மரியாதை வந்துவிட்டது. அதை முறுக்கி நம் லயத்து வீட்டு வரிசைக்குப் பின்னால் சவ்சவ் பந்தலைக் கட்டினாள். யானை இழுத்தாலும் அறாது என்று பக்கத்து வீட்டுக்கெல்லாம் சொன்னாள். இரண்டு வருடம் நின்றது. மூன்றாம் வருடம் ஒரு நாள் காய் பறிக்கப் போனபோது பந்தல் மொத்தமும் அவள் தலையில் இறங்கியது. அப்போதுதான் நானும் கவனித்தேன், அந்த நூலுக்கு எவ்வளவு பலம் இருந்தாலும் வெயில் ஆகாது. கறுப்புத் தோல் மூடியிருக்கும்வரைதான் அதன் வீரம். இதையெல்லாம் நீ இப்போது படித்துத் தெரிந்துகொண்டிருப்பாய். நான் சவ்சவ் விழுந்து தெரிந்துகொண்டேன்.

கோயில் வளைவுக் கேபிளை இழுத்ததும் நாங்கள்தான். ஒரு கம்பம் மாரியம்மன் கோயில் பக்கம், அடுத்தது பள்ளத்துக்கு அந்தப் பக்கம் தேயிலை மேட்டில். நடுவில் நடவே இடம் இல்லை, அதனால் நம் தோட்டத்திலேயே நீளமான தொங்கல் அதுதான். அந்த நாளில் தோட்டத்தை நடத்திய துரை ஜீப்பை நிறுத்திப் பார்த்துவிட்டு, ஏன் இப்படித் தொய்ந்து கிடக்கிறது, இழுத்துக் கட்டத் தெரியாதா என்று கேட்டார். தொய்வு வேண்டும் ஐயா, மார்கழிக் குளிரில் சுருங்கும், காற்றில் ஆடும், விறைப்பாகக் கட்டினால் பாரம் முழுதும் நூலின் மேல் ஏறிவிடும், இழை நீண்டுபோகும் என்று விளக்கினேன். கம்பத்தில் அதைப் பிடித்துக்கொள்ள ஒரு முழ நீளத்துக்கு முறுக்குக் கம்பி சுற்றுவோம், அது ஒரே இடத்தில் நெரிக்காமல் நீளமாகப் பரவிப் பிடிக்கும், ஒரே புள்ளியில் அமுக்கினால் உள்ளே குழாய் மடிந்துவிடும் என்றும் சொன்னேன். அவர் தலையாட்டிவிட்டுப் போனார். இதை எதற்கு எழுதுகிறேன் என்றால், எனக்குத் தெரியும் பாப்பா. தெரியாமல் செய்தேன் என்று சொல்ல எனக்கு வழியே இல்லை.

அந்த வருடத் தேர் உனக்கு மறந்திருக்காது. நீ உயர்தரப் பரீட்சை முடித்திருந்தாய். தேருக்கு மறுநாள் திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு, இந்தியாவில் படிக்கப் புலமைப்பரிசில் தரும் நேர்முகத் தேர்வு இருந்தது. கணினியில்தான் பேச வேண்டும். அப்போது நம் பக்கம் மலை மறைத்ததால் போனுக்குச் சிக்னல் கிடையாது, ஆகவே சனசமூக நிலையத்துக் கணினிதான் கதி. அதற்கு வரும் கேபிள் கோயில் வளைவுக் கேபிள். தேருக்கு இரண்டு வாரம் முந்திக் கோயில் தலைவர் வந்தார். தேருக்குப் புதுக் குடை வாங்கியிருக்கிறோம், ஒரு முழம் உயர்ந்துவிட்டது என்றார். "வளைவுல ஒங்க வயரு தட்டுமாங்க?" என்று கேட்டார். நான் ஆபீசுக்கு ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இரண்டு பேர் வந்து அரை நாளில் கம்பத்தில் பிடியை மேலே ஏற்றியிருப்பார்கள். நான் சொல்லவில்லை. "நான் இருக்கேன்ல, பாத்துக்கிறேன்" என்றேன். அவர் முகத்தில் வந்த நிம்மதியைப் பார்க்க எனக்கு அவ்வளவு ஆசை.

தேர் வரும் வழியில் வயர்களைத் தூக்கிப் பிடிக்க ஆள் நிற்பது நம் ஊரில் எப்போதும் உள்ளதுதான். கரண்டு வயருக்கு லைனை நிறுத்திவிட்டுத் தூக்குவார்கள். என் கேபிளுக்கு நிறுத்த வேண்டியதே இல்லை, அதில்தான் இரும்பே கிடையாதே. நான் ஒரு கவட்டுக் கம்பு வெட்டி, மஞ்சளும் சிவப்பும் பூசி, புது வேட்டி கட்டிக்கொண்டு முன்னால் போன டிராக்டர் பெட்டியில் ஏறி நின்றேன். வளைவு வந்தது. கவட்டை ஏந்தித் தூக்கினேன். குடை சும்மா வழுக்கிக்கொண்டு உள்ளே வந்தது. பெண்கள் குலவை போட்டார்கள். அதோடு தேர் கடந்து போயிருந்தால்கூட ஒன்றும் ஆகியிருக்காது. ஆனால் மேட்டு லயத்து ஆட்கள் அந்த இடத்தில்தான் தட்டோடு காத்திருந்தார்கள். தேர் நின்றது. ஒவ்வொரு வீட்டுக்கும் அர்ச்சனை, ஒவ்வொரு தேங்காயாக உடைக்கிறார்கள். கை வலித்தது. கம்பின் அடியைப் பெட்டியின் மூலையில் முட்டுக்கொடுத்து, கேபிளின் பாரம் முழுதையும் அந்தக் குறுகலான கவட்டில் விட்டுவிட்டு, நானும் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். துரைக்கு அன்று என்ன பாடம் எடுத்தேனோ அதற்கு நேர் எதிராகச் செய்துவிட்டுச் சாமி கும்பிட்டேன்.

அன்று சாயங்காலம்வரை கேபிள் வேலை செய்தது. நீ உட்கார்ந்து ஒரு தடவை பேசிக்கூடப் பார்த்தாய். விடியற்காலைக் குளிரில் சுருங்கியபோது மடிந்த இடம் நெரிந்து உயிர் போய்விட்டது. ஒன்பதரைக்கு நீ ஓடி வந்து "அப்பா, லைன் செத்துப் போச்சுப்பா" என்று சொன்ன முகம் இப்போதும் என் கண்ணில் நிற்கிறது. பசறை பஸ்ஸைப் பிடித்து, வழியெல்லாம் போனை உயர்த்திப் பிடித்துக்கொண்டு போனாய். டவுனில் சிக்னல் கிடைத்தபோது உன் நேரம் முடிந்து அடுத்த பிள்ளையைக் கூப்பிட்டுவிட்டார்கள். மத்தியானம் நானும் சுமணேயும் கருவியை மாட்டினோம். கண்ணாடி இழைக்குள் விட்ட வெளிச்சம் எத்தனையாவது மீட்டரில் நிற்கிறது என்று அது காட்டிவிடும், உனக்குத் தெரியும். எண்ணைப் பார்த்ததுமே அது நான் கம்பை முட்டுக்கொடுத்த இடம் என்று தெரிந்துவிட்டது. கீழே நின்று பார்த்தால் கேபிளில் ஒரு கீறல் கிடையாது. இறக்கி விரலால் தடவினேன். ஒரு சாண் இடத்தில் சப்பையாக இருந்தது. அதில் மஞ்சள் சாயம் ஒட்டியிருந்தது.

சுமணே சாயத்தைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். "இது ரிலவா செய்ற வேலை இல்ல அண்ணே" என்றான், அவர்கள் பாஷையில் குரங்குக்கு அதுதான் பெயர். நான் பதிவேட்டை எடுத்துக் குரங்கு என்று எழுதினேன். கம்பத்தில் சுருட்டி வைத்திருந்த மிச்சக் கேபிளை அவிழ்த்து இழுத்து, சப்பை இடத்தை வெட்டிப் போட்டு, ஒட்டிக் கறுப்புப் பெட்டியில் மூடினோம். அந்தப் பெட்டிக்குக் கீழேதான் நீ இத்தனை வருடம் நடந்து போனாய். வீட்டுக்கு வந்தால் நீ சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாய். என்னப்பா ஆச்சு என்று கேட்டாய். குரங்கும்மா என்றேன். இரண்டு நாள் அழுதாய். மூன்றாம் நாள் எழுந்து, "கொரங்குக்கு என் மேல என்னப்பா கோவம்" என்று சொல்லிச் சிரித்தாய். அதற்குப் பிறகு எது தவறினாலும் நீ அதையே சொல்வாய், வீடே சிரிக்கும். நானும் சிரிப்பேன்.

நீ இங்கேயே படித்தாய், நன்றாகப் படித்தாய், இன்று மேடமாக உட்கார்ந்திருக்கிறாய். எல்லாம் நல்லதுக்குத்தான் நடந்தது என்று சொல்லித் தப்பிக்க எனக்கு நாக்கு துடிக்கத்தான் செய்கிறது. சொல்ல மாட்டேன். அங்கே போயிருந்தால் என்ன ஆகியிருப்பாய் என்று எனக்குத் தெரியாது, உனக்கும் தெரியாது. அந்த வழியை அடைத்தது நான். அதற்காக உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன். மகளிடம் மன்னிப்புக் கேட்பது நம் வீட்டில் வழக்கம் இல்லை என்பார்கள். வழக்கத்தைப் பார்த்துத்தான் இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

இனி வேலைக்கு வருகிறேன். நான் ஒரு குரங்கை எழுதிய பிறகு அது எல்லோருக்கும் வசதியாகிவிட்டது. அடுத்த வருடம் சவுக்குக் கொப்பு விழுந்ததற்கும் குரங்கு. யாரோ கேபிளில் தோரணம் கட்டி, மழையில் நனைந்த துணியின் பாரத்தில் பிடி நழுவியதற்கும் குரங்கு. நாலாவதற்கு யார் என்ன செய்தார்களோ. நீ போடப்போகும் கெட்டித் தோல் கேபிள் கனம் கூடியது, பாப்பா. அவ்வளவு நீளத்துக்கு அதை இழுத்தால் இப்போது இருப்பதைவிடத் தாழ்ந்து தொங்கும். தொய்வைக் குறைக்க விறைத்துக் கட்டினால் கம்பம் தாங்காது. அடுத்த மாதம் தேர். குடை நிச்சயம் தட்டும். அப்போதும் ஒருவன் கவட்டுக் கம்போடு நிற்பான். உன் முதல் திட்டம் என் பொய்யின் மேல் நிற்கிறது. கேபிளை மாற்றாதே. இரண்டு கம்பத்திலும் பிடியை மேலே ஏற்று, கோயில் பக்கத்துக் கம்பத்தை உயரமானதாக மாற்று. நான் சொல்கிறேன் என்று செய்யாதே, சுமணேயைக் கூட்டிக்கொண்டு வந்து தேரின் உயரத்தையும் தொங்கலையும் நீயே அளந்து பார்த்துச் செய். பதிவேட்டை நம்புகிற அளவுக்குக் கம்பத்தடிக்கும் போய்ப் பார். எழுதுகிறவர்கள் என்னைப் போன்ற ஆட்கள்தான், வேலை போய்விடுமோ என்ற பயத்திலும், வீட்டில் ஒரு பிள்ளை அழுகிறதே என்ற வெட்கத்திலும் எழுதுகிறோம். உன் ஆட்கள் தப்பைச் சொல்ல வந்தால் முதலில் கேட்டுக்கொள், அப்புறம் திட்டு.

நேற்றுக் காலை அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள் நிமிரவே இல்லை. "எனக்கு அன்னைக்கே தெரியும்" என்றாள். எப்படி என்றேன். "புது வேட்டில மஞ்சச் சாயம் அப்பியிருந்துச்சு, நாந்தானே தொவச்சேன். ஒரு நாளும் சோத்த மிச்சம் வைக்காத மனுசன் மூணு நாளா மிச்சம் வச்சீங்க." பிறகு ஏன் பாப்பாவிடம் சொல்லவில்லை என்றேன். "அது ஒங்க வாயில வரணும். எத்தன நாளைக்கு என்ன முன்னாடி தள்ளுவீங்க?" என்றாள். கோயில் தலைவரையும் பார்த்துவிட்டேன். இந்த வருடம் கம்பு பிடிக்க மாட்டேன், ஆபீஸிலிருந்து வந்து உயர்த்தித் தருவார்கள், நீங்கள் ஒரு கடிதம் கொடுங்கள் என்று சொன்னேன். "மேடம் செஞ்சு தருவாங்களா?" என்று கேட்டார். கடிதத்தைக் கொடுங்கள், மேடம் அளந்து பார்த்துச் சொல்வார்கள் என்றேன்.

அந்தப் பதிவேட்டில் முதல் குரங்கை ஒரு கோடு போட்டு அடித்துவிட்டு, காரணம் என்ற கட்டத்தில் என் பெயரை எழுது. கார்பன் வைத்து அழுத்தி எழுது, கீழே உள்ள பிரதியிலும் விழட்டும். மேலே யாராவது கேட்டால் அப்பா என்று சொல்லத் தயங்காதே. குரங்கை இனித் திட்டாதே, அது பாவம். திட்ட வேண்டும் என்று இருந்தால் நேரில் வந்து என்னைத் திட்டு. கோபத்தில் வரப் பிடிக்கவில்லை என்றாலும் எனக்குப் புரியும். ஞாயிற்றுக்கிழமை வருவாயா என்று அம்மா கேட்கிறாள் என்றுதான் எழுத வந்தேன்.

அம்மா கேட்கவில்லை. நான்தான் கேட்கிறேன்.

அப்பா